ஏழாவது நிமிடத்தில் அணைகிற வீடு

கீழே ஒரு கூடம், மேலே ஓர் அறை, கடலைப் பார்த்த ஜன்னல்கள், மரப்பாலம், தோட்டம், கேட். எல்லாம் சேர்த்து நாற்பதாயிரம். கீபோர்டும் மவுஸும் இனாம்.

"முப்பத்தெட்டுன்னுதான் கணக்குப் போட்டேன். அண்ணியாச்சேன்னு ரெண்டு ஏத்தியிருக்கேன்," என்றார் கொழுந்தன். "அஞ்சு மணிக்குப் பணத்தோட வர்றேன். வண்டிக்கும் சொல்லியாச்சு."

"சரி," என்றாள் நர்ஸ்.

கொழுந்தன் பழைய சாமான் வாங்கி விற்கிறவர். எதைக் கண்டாலும் அதன் பாதி விலை அவர் வாயில் தானாக வந்துவிடும். பிறந்த குழந்தையைப் பார்க்கப் போன வீட்டில் தொட்டிலைத் தட்டிப் பார்த்தவர் என்று குடும்பத்தில் பெயர். அவர் இப்போது விலை பேசியது ஒரு கம்ப்யூட்டருக்கு. வீடு அதற்குள் இருந்தது. மூன்று மாதத்துக்கு முன் இறந்துபோன அவருடைய அண்ணன், ஒரு விளையாட்டுக்குள், நாலு வருஷம் உட்கார்ந்து கல் கல்லாக அடுக்கிக் கட்டிய வீடு.

"வாங்கினதும் உள்ளே இருக்கிறதை என்ன செய்வீங்க?" என்று கேட்டார் தராசு.

"துடைச்சுட்டுத்தான் விப்பேன். அடுத்தவன் வீட்டை யார் காசு குடுத்து வாங்குவா?" சொல்லிவிட்டுக் கொழுந்தன் செருப்பை மாட்டினார். வாசலில் நின்று திரும்பினார். "நாற்பது எதுக்குன்னா, ரிப்பேருக்குக் குடுத்த கடைக்காரன் உள்ளே இருந்த கார்டை மாத்திட்டான். அண்ணன் இருந்தவரைக்கும் ஐஸ் மாதிரி ஓடின மெஷின். நல்ல கார்டு இருந்திருந்தா எண்பது பெறும். துப்பறியும் அம்மா, அவனைப் பிடிச்சுக் குடுங்க, நானே எண்பது எண்ணி வைக்கிறேன்."

போய்விட்டார். மணி ஒன்றரை.

தராசு என்பது பட்டப்பெயர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருஷம் எரிந்த கடைகளுக்கும் மோதிய லாரிகளுக்கும் மதிப்புப் போட்டவர். எதையும் முதலில் கையில் தூக்கி எடை பார்த்துவிட்டுத்தான் பேசுவார். இப்போது சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ். உதவியாளனுக்கு வயது முப்பத்தெட்டு, இரண்டு பிள்ளைகள். கேட்காமலே வார்த்தையைச் சிதறவிடுவதால் அவன் பெயர் சில்லறை. இந்தக் கேஸை அவர்கள் எடுத்ததற்கு ஒரே காரணம், போன வருஷம் தராசு கால் முறிந்து படுத்திருந்தபோது வலிக்காமல் ஊசி போட்ட ஒரே நர்ஸ் இவள்தான்.

சில்லறை சோபாவில் உட்கார்ந்தான். சோபா கிறீச்சென்றது. வாங்கி ஆறு வருஷமாகியும் கடையில் போட்ட பிளாஸ்டிக் உறையை யாரும் கழற்றவில்லை.

"உட்கார்ந்ததுக்கே கத்துது அக்கா. படுத்தா போலீஸைக் கூப்பிட்டுடும் போல."

யாரும் சிரிக்கவில்லை. நர்ஸ் சிரிக்கவில்லை என்பதைவிட, அது சிரிக்கிற இடம் என்பதே அவளுக்கு எட்டவில்லை. தோளில் ஒரு கறுப்புத் துண்டோடு நின்றிருந்தாள். வீட்டில் டிவி ரிமோட் பாலிதீன் பைக்குள் இருந்தது. ஃப்ரிட்ஜ் கதவில் கம்பெனி ஒட்டுத்தாள். சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடி மேல் ஒட்டி வந்த மெல்லிய தாள்கூட உரிக்கப்படாமல், ஓரம் சுருண்டு, எண்களை மறைத்தது.

"கம்ப்யூட்டரை விக்கணும்னு உங்களுக்கு இஷ்டமா?" என்றார் தராசு.

"தம்பி கேட்டார். சரின்னேன்." கொஞ்சம் யோசித்தாள். "இப்ப எல்லாத்துக்கும் சரின்னுதான் சொல்றேன். சுலபமா இருக்கு."

"அப்ப எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"விக்கிறதுக்கு முன்னாடி மாடி ரூமைப் பாக்கணும்."

அவள் விளையாட்டைத் திறந்தாள். கேட் வந்தது. அதைத் தள்ளித் தோட்டத்துக்குள் போனாள். சுவரில் முட்டிக்கொண்டாள், திரும்பினாள், மறுபடி அதே சுவரில் முட்டிக்கொண்டாள். மரப்பாலத்தில் ஏறி ஓடைக்குள் விழுந்தாள். நனைந்தபடி மறுபடி ஏறினாள். பாலத்திலிருந்து வீடு தெரிந்தது.

"கீழே அத்தனை ஜன்னல் வெச்சுட்டு மாடிக்கு ஒண்ணுகூட வைக்கலையே," என்றான் சில்லறை. "மேஸ்திரி மறந்துட்டாரா?"

அதற்குள் பெட்டிக்குள்ளிருந்த ஃபேன்கள் லாரி மேடேறுகிற மாதிரி உறுமின. திரை கறுத்தது. உறுமல் நின்றது. பெட்டி மொத்தமாக அணைந்துபோனது.

"ஏழாவது நிமிஷம்," என்றாள் நர்ஸ். "தினமும் இப்படித்தான். படிக்கட்டு வரைக்கும் போயிருக்கேன். அவர் மூணு நிமிஷத்துல மாடிக்குப் போயிடுவார். எனக்குப் பத்து நிமிஷமாவது ஆகும்."

"வழியில எங்கேயாவது நிறுத்திட்டு, அங்கிருந்து தொடர முடியாதா?"

"படுக்கையில படுத்தாத்தான் அது இடத்தை ஞாபகம் வெச்சுக்கும். படுக்கை மாடியிலதான்."

"குடுங்க மேடம்," என்று சில்லறை கையை நீட்டினான். "என் பசங்க புண்ணியத்துல எனக்கு இதெல்லாம் அத்துப்படி. நாலு நிமிஷத்துல மாடி."

நர்ஸ் மவுஸ் மேலிருந்த கையை எடுக்கவில்லை.

"அவங்கதான் ஏறணும், சில்லறை," என்றார் தராசு. நர்ஸின் பக்கம் திரும்பினார். "அப்படி என்ன இருக்கு அங்கே?"

"தெரியாது. 'மேல ரூமை முடிச்சுட்டேன், வந்து பாரு'ன்னார். அது சனிக்கிழமை. ட்யூட்டி முடிச்சுட்டு வந்து பாக்கிறேன்னேன்."

"வந்து?"

"தூங்கிட்டேன். ஞாயித்துக்கிழமையும் ட்யூட்டி. திங்கக்கிழமை காலையில ஆபீஸ் படியில விழுந்துட்டார்." வார்டில் அடுத்த ஷிஃப்டுக்கு விவரம் ஒப்படைக்கிற குரல். அதில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

பிறகு அவள் ஒரு சீட்டை நீட்டினாள். காய்ச்சல்காரர்களுக்குக் கட்டில் காலடியில் தொங்கவிடுகிற சீட்டு. நோயாளி பெயர் என்ற இடத்தில் 'கம்ப்யூட்டர்' என்று எழுதியிருந்தது. திரையின் மூலையில் கணவன் ஓடவிட்டிருந்த இரண்டு எண்களையும் நிமிடத்துக்கு நிமிடம், நாள் தவறாமல் குறித்திருந்தாள். சிப் சூடு நீலத்தில், மெமரி சூடு சிவப்பில். நீலக் கோடு அறுபத்தாறில் படுத்துத் தூங்கியது. சிவப்பு ஏறிக்கொண்டே போய், நூற்றுப் பத்தைத் தொட்ட இடத்தில் ஒவ்வொரு நாளும் நின்றது.

"வயசு போடலையே," என்றான் சில்லறை, சீட்டை எட்டிப் பார்த்து.

"நாலு," என்றாள் நர்ஸ், அது நியாயமான கேள்வி என்பதுபோல.

தராசு சீட்டின் முதல் வரியை ஒருமுறை பார்த்தார். அதன் பின்னால் குத்தியிருந்த கடை ரசீதையும் பார்த்தார். பெட்டியைத் திறந்து கிராபிக்ஸ் கார்டைக் கழற்றினார். திரையில் தெரிகிற ஒவ்வொரு படத்தையும் வரைந்து அனுப்புவது அதுதான். செங்கல் நீளம், மூன்று ஃபேன். ஒரு துவாலையில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அஞ்சு மணிக்குள்ள வந்துடறோம்."

"சரி."

*

கடை இரண்டு தெரு தள்ளி, மாடிப்படிக்குக் கீழே ஒரு பொந்து. மெக்கானிக் ஒல்லியான மனிதர். கையில் தூசி ஊதுகிற கருவி. யார் வந்தாலும் பேசுவதற்கு முன் அவர்மேல் ஒருமுறை ஊதிவிடுகிற பழக்கம்.

"கார்டை மாத்தினீங்களா?" என்றார் தராசு நேராக.

"அதை மாத்திச் சம்பாதிக்கிறவன் எதுக்குங்க இந்த ஸ்டூல்ல உட்காரணும்? மூணு காலு. நாலாவது கால் என்னோடது." ஸ்டூலை ஆட்டிக் காட்டினார். "அந்தப் பழைய சாமான்காரர் வந்து தெருவே கேக்கக் கத்திட்டுப் போனார். அதுலேருந்து மூணு நாளா ஒரு கஸ்டமர் வரல."

"ஒருத்தர் வந்தாலும் பறந்திருப்பாரே, இந்த ஊது ஊதினா," என்றான் சில்லறை.

தராசு துவாலையைப் பிரித்து, கார்டை வலது உள்ளங்கையில் வைத்து ஏற்றி இறக்கினார். "ஒண்ணே கால் கிலோ. போலி பண்றவன் முதல்ல செம்புலதான் கை வைப்பான், கனம் குறையும். இது முழுக் கனம். கார்டு மாறல."

"அப்பாடா," என்றார் மெக்கானிக்.

"அப்பாடா அப்புறம். இந்த ஸ்க்ரூ மேல ஒட்டியிருக்கிற கம்பெனி சீல் கிழிஞ்சிருக்கே, யார் வேலை?"

"நானில்ல. வரும்போதே கிழிஞ்சிருந்தது. அதனாலதான் திறக்கவே இல்ல. சீல் கிழிஞ்சதைத் திறந்தா பழி நம்ம தலையில விடியும். தூசி மட்டும் ஊதினேன். ரசீதுல எழுதியிருக்கேன் பாருங்க."

ரசீதுப் புத்தகத்தின் கார்பன் பிரதி: 'சீல் ஏற்கனவே கிழிந்துள்ளது. தூசி மட்டும் ஊதப்பட்டது.' தேதி பன்னிரண்டு.

"இதை நேத்து உட்கார்ந்து எழுதலைன்னு என்ன நிச்சயம்?" என்றான் சில்லறை.

"மேல் தாள் அந்த அம்மாகிட்ட இருக்கு, அதுலயும் இதே வரி. அதைவிடு. நர்ஸோட சீட்டுல முதல் தேதி என்ன?"

"பாக்கலை அக்கா. நான் வயசு கேட்டுட்டிருந்தேன்."

"ஒன்பது. ஒன்பதாம் தேதியே ஏழாவது நிமிஷத்துல அணைஞ்சிருக்கு. இவர் கைக்கு வந்தது பன்னிரண்டாம் தேதி. வராத கார்டை எப்படிக் கெடுப்பார்?"

மெக்கானிக் ஊதுகருவியைக் கீழே வைத்தார். மூன்று நாளாக நெஞ்சில் இருந்ததையும் அதோடு வைத்தது போலிருந்தது. "அந்த அம்மாவே தன் கையால எழுதியிருக்காங்களே. ஏன் சொல்லல?"

"அவங்க எழுதுறாங்க. படிக்கிறதில்ல," என்றார் தராசு. "கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும்."

"அப்ப கேஸ் முடிஞ்சது," என்று சில்லறை எழுந்தான்.

"இவர் கேஸ் முடிஞ்சது. கார்டு கேஸ் இனிமேதான். நீங்க சோதிச்சப்ப சூடு என்ன?"

"அறுபத்தாறு. ஜம்முனு இருந்தது."

"அது சிப்பு. மெமரி?"

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "அதைப் பாக்கல."

"நூத்திப் பத்து."

"அடக் கடவுளே." கார்டைப் புரட்டி விரலால் காட்டினார். "நடுவுல சிப்பு, அதைச் சுத்தி எட்டு மெமரித் துண்டு. ஒவ்வொண்ணுக்கும் இந்தச் செம்புத் தகட்டுக்கும் நடுவுல சின்ன மெத்தை இருக்கும், ரப்பர் மாதிரி. சூட்டை வாங்கித் தகட்டுக்குக் கடத்துறது அதோட வேலை. மெத்தை கடத்தலைன்னா தலை குளிர்ந்திருக்கும், உடம்பு வெந்துபோகும். ஆனா கம்பெனி மெத்தை நாலு வருஷத்துல இவ்வளவு கெடாதுங்க. யாரோ மாத்தியிருக்காங்க."

"புது மெத்தை இருக்கா?"

ஒரு பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். தராசு அதைப் பிரித்து, சாம்பல் நிறத் துண்டை வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு பக்கம் பார்த்தார். திருப்பி மறுபக்கம் பார்த்தார்.

"சில்லறை, அந்த வீட்டுக் கடிகாரத்துல நாம கிளம்பினப்ப மணி என்ன?"

"எங்கே தெரியுது? அந்தத் தாள் மறைக்குதே. எட்டுன்னும் சொல்லலாம், பத்துன்னும் சொல்லலாம்."

"அதேதான்," என்றார் தராசு. "மெக்கானிக் சார், ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கிட்டு வாங்க. கத்தினவர் முன்னாடியே திறந்துடலாம்."

*

அவர்கள் வந்தபோது கொழுந்தன் ஏற்கனவே சோபாவில் இருந்தார். மடியில் ரப்பர் பேண்ட் போட்ட பணக்கட்டு. மெக்கானிக்கைக் கண்டதும் எழுந்தார். சோபா அவருக்காகவும் கத்தியது.

"வந்துட்டானா திருடன்!"

"உட்காருங்க," என்றார் தராசு. குரலை உயர்த்தவில்லை. "கார்டு மாறல, இவர் அதைத் திறக்கவும் இல்ல. இவர்கிட்ட போறதுக்கு மூணு நாள் முன்னாடியே அது அணைஞ்சிருக்கு. உங்க அண்ணி சீட்டுலயே இருக்கு."

கொழுந்தன் சீட்டை வாங்கிப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். வாயைத் திறந்து, விலை எதுவும் வராததால், மூடினார்.

தராசு நர்ஸிடம் கேட்டார்: "உங்க வீட்டுக்காரர் எதையும் தூக்கிப் போடமாட்டார், இல்லையா?"

"மாட்டார்."

"கார்டு சம்பந்தமா ஏதாவது எடுத்து வெச்சிருக்காரா?"

நர்ஸ் மேஜை டிராயரைத் திறந்தாள். பழைய டிக்கெட்டுகள், உபரி ஸ்க்ரூக்கள், பட்டன்கள், ஒவ்வொன்றும் தனித்தனிக் கவரில், ஒவ்வொரு கவரிலும் எழுத்து. அடியிலிருந்து ஒன்றை எடுத்தாள். பொடி எழுத்தில்: 'கார்டு. புது மெத்தை 8. உரித்த தாள் 8.' கீழே ஒரு தேதி.

"ஞாயித்துக்கிழமை," என்றாள் அந்தத் தேதியைப் பார்த்து. "நான் ட்யூட்டியில இருந்தேன்."

சனிக்கிழமை வரை ஓடிய மெஷின் அது. ஞாயிறு அவர் அதைத் திறந்து மூடியிருக்கிறார். ஓட்டிப் பார்க்கத் திங்கள் மாலை வரவில்லை.

தராசு கவரை மேஜையில் கவிழ்த்தார். நகத்தளவு நீலத் தாள்கள், கண்ணாடி மாதிரி மெல்லியவை. ஒவ்வொன்றாக எண்ணினார். "எட்டு. மெக்கானிக் சார், ஒரு மெத்தைக்கு எத்தனை தாள்?"

"ரெண்டுங்க. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. ரெண்டையும் உரிச்சுட்டுத்தான் வைக்கணும்." சொல்லும்போதே அவருக்குப் புரிந்தது. ஸ்க்ரூவில் கை வைத்தார்.

"எட்டு மெத்தைக்குப் பதினாறு வரணும்," என்றார் தராசு. "எட்டுதான் இருக்கு."

தகடு பிரிந்தது. எட்டு மெத்தைகளும் ஒழுங்காக, கோடு போட்டு வைத்த மாதிரி ஒட்டியிருந்தன. மெக்கானிக் ஒன்றின் ஓரத்தில் நகத்தை விட்டார். பளபளவென்று ஒரு நீலத் தாள் எழுந்து வந்தது.

"ஒட்டுறதுக்கு ஒரு பக்கம் உரிச்சா போதும்னு நினைச்சிருக்கார்," என்றார் மெக்கானிக். "இந்தத் தாள் சூட்டைத் தாண்ட விடாது."

"அண்ணனா?" என்றார் கொழுந்தன். "அண்ணனா இந்த வேலை பண்ணினான்?"

"தாளை எடுத்தா பொருள் பழசாயிடும்னு சொல்வார்," என்றாள் நர்ஸ்.

சில்லறை வாயைத் திறந்தான். சோபாவைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான். பதினோரு வருஷ சர்வீஸில் முதல் தடவையாக ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டான்.

மெக்கானிக் மீதி ஏழையும் உரித்தார். நர்ஸ் உள்ளங்கையை நீட்டினாள், மாத்திரைகளை வாங்குகிற மாதிரி. அவர் ஒவ்வொன்றாக அதில் வைத்தார். பிறகு சிப்பின் மேல் புதுப் பசை தடவி, தகட்டை மூடி, கார்டைப் பெட்டியில் மாட்டினார்.

கேட் வந்தது. தோட்டம். சுவர். அதே சுவர். நர்ஸ் அவசரப்படவில்லை, அவசரம் என்பது வேறு யாருடைய வீட்டுப் பொருளோ என்பதுபோல நடந்தாள். மூலையில் சிவப்பு எண் எழுபது, எழுபத்தாறு, எண்பது. எண்பத்திரண்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஃபேன்கள் தணிந்த குரலில் ஓடின. அவள் பாலத்திலிருந்து விழுந்தாள். ஏறினாள்.

"ஏழு," என்றான் சில்லறை, கைக்கடிகாரத்தைப் பார்த்து. சற்றுப் பொறுத்து, "எட்டு."

படிக்கட்டில் ஒவ்வொரு படியாக. கொழுந்தன் மடியிலிருந்த பணம் நழுவிக் கீழே விழுந்ததைக் கவனிக்கவில்லை. பத்தாவது நிமிடம் மாடிக் கதவு. அவள் அதைத் தள்ளி உள்ளே போனாள். கதவு பின்னால் தானே சாத்திக்கொண்டது.

திரை முழுக்கக் கறுத்தது.

"போச்சு!" என்றார் கொழுந்தன். "அணைஞ்சிடுச்சு. நான் அப்பவே சொன்னேன்ல!"

மெக்கானிக் பாய்ந்து ஸ்விட்சுக்குக் கை நீட்டினார்.

"தொடாதீங்க," என்றார் தராசு. "ஃபேன் சத்தம் கேளுங்க."

ஓடிக்கொண்டிருந்தது. கறுப்புத் திரையின் மூலையில் அறுபத்தாறும் எண்பத்திரண்டும் அசையாமல் நின்றன.

"அப்ப எதுவுமே தெரியலையே?" என்றான் சில்லறை. "ஜன்னலும் கிடையாது, விளக்கும் கிடையாது. என்ன ரூம் இது?"

நர்ஸ் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தோளிலிருந்த கறுப்புத் துண்டை எடுத்து மடியில் வைத்தாள்.

"இந்த வீட்ல படுக்கிற ரூம் கிழக்கே பார்த்தது," என்றாள். "நைட் ட்யூட்டி முடிச்சு வந்து படுத்தா வெயில் மூஞ்சியில அடிக்கும். இதைக் கண்ணுல கட்டிக்கிட்டுத்தான் தூங்குவேன். பதினோரு வருஷமா." திரையைக் காட்டினாள். "தூங்குற ரூம்."

இன்னும் இரண்டடி நடந்தாள். இருட்டின் நடுவில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி வந்தது: 'படுக்கவா?' அவள் ஆம் என்று அழுத்தினாள். விளையாட்டு அந்த இடத்தை ஞாபகத்தில் எழுதிக்கொண்டது. இனி எத்தனை தடவை திறந்தாலும் அங்கிருந்துதான் தொடங்கும்.

அவள் அழவில்லை. முகத்தில் எதுவும் மாறவில்லை. மவுஸிலிருந்து கையை எடுத்தாள், அவ்வளவுதான்.

கொழுந்தன் குனிந்து பணக்கட்டை எடுத்தார். "அண்ணி, கார்டு நல்ல கார்டுன்னு ஆயிடுச்சு. சொன்ன சொல் சொல்லுதான். எண்பது."

"வேண்டாம்."

கேட்டவர்கள் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவளும் கொஞ்சம் திகைத்த மாதிரிதான் இருந்தாள், பக்கத்து அறையிலிருந்து யாரோ பேசியது போல.

"எண்பத்தஞ்சு," என்றார் கொழுந்தன். முப்பது வருஷத் தொழில், வாய் நிற்கவில்லை.

"வேண்டாம் தம்பி."

அவர் பணத்தைச் சட்டைப் பைக்குள் திணித்தார். மெக்கானிக்கைப் பார்த்தார். "ஸ்டூல் ஒண்ணு இருக்கு, நாலு காலும் முழுசா. நாளைக்கு அனுப்பி வைக்கிறேன். காசெல்லாம் வேண்டாம்." பிறகு, வண்டியைத் திருப்பி அனுப்ப வெளியே போனார். வெகுநேரம் உள்ளே வரவில்லை.

நர்ஸ் காய்ச்சல் சீட்டில் அன்றைய கட்டத்தில் எண்பத்திரண்டு என்று எழுதினாள். உள்ளங்கையிலிருந்த நீலத் தாள்களையும் மேஜையில் கிடந்தவற்றையும் சேர்த்துக் கவரில் போட்டாள். கணவனுடைய பொடி எழுத்துக்குக் கீழே, வார்டில் மருந்துக் கணக்கு ஒப்படைக்கிற மாதிரி, தன் கையெழுத்தில் எழுதினாள்:

உரித்த தாள் 8.
இன்று உரித்தது 8.
ஆக 16. சரி.